பேரூராட்சி அலுவலகம்: யாரிடம் எதைக் கேட்பது?

போன வாரம் காலையில் நடந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். எங்கள் தெருத் தம்பி ஒருவர் கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையில் அவருடைய அப்பா காலத்து வீட்டு வரி ரசீதுகள், கட்டுக் கட்டாக.

"சார், நீங்க பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்தவங்க. இத்தனை வருஷம் வரி கட்டியிருக்கோம். இதைக் காட்டினா பட்டா குடுத்திருவாங்கல்லா?"

கொடுக்க மாட்டார்கள். வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்குத்தான் ஆதாரம், சொத்து யாருடையது என்பதற்கு அல்ல. பட்டா தாலுகா அலுவலகத்தின் வேலை. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகம். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார். வரி ரசீதில் பெயர் மாற்றுவதும், தண்ணீர்க் குழாய் இணைப்பும், வீடு கட்ட அனுமதியும் மட்டும் பேரூராட்சி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுள்ள, படித்த மனிதர். தன் ஊர் அலுவலகத்தில் எதைக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் 33 வருடம் உட்கார்ந்திருந்த நாங்களும் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் என் அனுபவம், கடைசியில் ஒரு பழைய தவறு.

யூனியன் என்ற சொல்

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேரூராட்சியை "யூனியன் பஞ்சாயத்து" என்பார்கள். நான் 1983-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, இவர்கள் ஊராட்சி ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். குழப்பிக்கொண்டவன் நான்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் 1865-இல் ஒரு நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி அடுத்த வருடமே மதுரை, திருச்சி, சேலம், கோவை, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் நகராட்சிகள் ஆயின. சின்ன ஊர்களுக்கு அப்போது ஒன்றுமில்லை. 1882 மே மாதம் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டார். நிர்வாகம் மேம்படுவதைவிட, மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதே அதன் சாரம். அதை ஒட்டி 1884-இல் சென்னை மாகாண ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, தாலுகாவுக்கு ஒரு போர்டு, அதற்கும் கீழே பெரிய கிராமத்துக்கோ சில கிராமங்கள் சேர்ந்த தொகுதிக்கோ ஒரு "யூனியன்". இந்த யூனியன்தான் இன்றைய பேரூராட்சியின் தாத்தா. வீட்டு வரி வசூலிப்பது, தெருவைச் சுத்தம் செய்வது, விளக்குப் போடுவது, கிணறு குளத்தைப் பார்த்துக்கொள்வது இவை அதன் வேலைகள். உறுப்பினர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் நியமிக்கப்பட்டவர்கள்.

ஊராட்சி ஒன்றியம் என்பது வேறு. அது 1958 பஞ்சாயத்துச் சட்டத்தில் வந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். அதே சட்டத்தில்தான் 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும், வருடத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறையாத வருமானமும் உள்ள ஊர்கள் டவுன் பஞ்சாயத்து ஆயின. ஆக, எங்கள் ஊர்க் கிழவர்கள் சொன்ன யூனியன் 1884-ஐச் சேர்ந்தது. சட்டம் நாலு முறை மாறியும் அவர்கள் வாயில் பழைய பெயர் மாறவில்லை.

மேசைக்கு மேசை

நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகம் ஓடு போட்ட கட்டடம். உள்ளே ஆறு மேசை. மாடியில் மன்றக் கூடம், அதில் யாரும் உட்காராத நாற்காலிகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மேசை பிறப்பு இறப்பு. சர்க்கார் அலுவலகங்களில் ஏழை பணக்காரர் எல்லோரும் இரண்டு தடவையாவது வந்தே தீரவேண்டிய இடம் இது ஒன்றுதான். முதல் தடவை அப்பா வருவார், இரண்டாவது தடவை பிள்ளை வருவான். 1969-ஆம் வருடத்து மத்தியச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். தாமதமானால் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் மேல் அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

பழைய பதிவேடுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். "பெண்" என்று மட்டும் எழுதி, தகப்பன் பெயர், தெரு, தேதி. பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே யாரோ ஒருவர் தகவல் சொல்லியிருப்பார், பெயர் வைப்பதோ பிறகு. பெயரைப் பதியத் திரும்பி வந்தவர்கள் குறைவு. பல வருடம் கழித்து பாஸ்போர்ட்டுக்கோ பென்ஷனுக்கோ அந்த அம்மா வந்து நிற்பார். "இது நான்தான்" என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஒரு காலிக் கட்டத்துக்காக ஆறு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருந்தால், பிறந்ததைப் பதிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பெயரையும் பதியுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

இரண்டாவது மேசை வரி. வரித்தண்டலர் என்று அரசாணையில் எழுதுவோம், ஊரில் பில் கலெக்டர். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொரு அரையாண்டு. கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்தியும் ஒத்துப்போக வேண்டும். மார்ச் மாதம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. வீட்டு வரி, தொழில் வரி, கடை வாடகை, வாரச்சந்தைக் குத்தகை, பஸ் நிலையத்தில் வண்டி நுழையும் கட்டணம் இவைதான் சொந்த வருமானம். இது போக சினிமா கொட்டகையில் வசூலாகும் கேளிக்கை வரியில் பங்கு, பத்திரப் பதிவில் வசூலாகும் கூடுதல் தீர்வை. எங்கள் ஊரில் இரண்டு கொட்டகை ஓடிய காலத்தில் அலுவலகத்துக்குச் சம்பளப் பிரச்சினை வந்ததில்லை. ஒரு கொட்டகை கல்யாண மண்டபமானபோது எங்கள் கணக்கர்தான் முதலில் வருத்தப்பட்டார்.

மூன்றாவது சுகாதாரம். உள்ளாட்சி என்ற ஏற்பாட்டின் பாதிக் காரணம் காலரா பயம்தான். திருவிழாக் கூட்டம், குளத்துத் தண்ணீர், அதைத் தொடர்ந்து காலரா என்பது அந்தக் காலத்து வாடிக்கை. 1939-இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தார்கள். திருவிழா நடக்கும் ஊரில் தண்ணீர், கழிப்பிடம், தடுப்பூசி எல்லாம் யார் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஆனால் சட்டம் சொன்ன வேலையைக் கையால் செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த வருடம் எங்கள் ஊரில் எடுப்புக் கக்கூஸ் உண்டு. விடியும் முன்னால் வாளியும் வண்டியுமாக வருவார்கள். சம்பளப் பட்டியலில் கடைசியில் அவர்கள் பெயர் இருக்கும், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது, அது போதாமல் 2013-இல் இன்னொன்று. இப்போது தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாகச் சொல்கிறோம். எங்கள் அலுவலகத்தில் அவர்களுக்கு நாற்காலி போட எத்தனை வருடமாயிற்று என்று எனக்குத் தெரியும், எழுத வெட்கமாக இருக்கிறது.

நாலாவது தண்ணீரும் விளக்கும். மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் தெருவிளக்கைப் பராமரிப்பதும் அதற்கு மின்கட்டணம் கட்டுவதும் பேரூராட்சி. பல்பு எரியாவிட்டால் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். தண்ணீருக்கு வாட்டர்மேன். ஊர்த் தண்ணி டேங்கிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்போது எவ்வளவு நேரம் என்பது அவர் கையிலுள்ள வால்வு சாவியில் இருக்கிறது. இந்தச் சாவியைப் பற்றிப் பின்னால் வரும்.

ஐந்தாவது தலைமை எழுத்தர். தபால் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். ஆறாவது செயல் அலுவலர், ஊரில் ஈ.ஓ. அவர் அரசு ஊழியர், மாற்றலில் வருவார், மாற்றலில் போவார். மன்றம் தீர்மானம் போடும், அதை நிறைவேற்றுவது அவர். தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தால் மேலே எழுத வேண்டியதும் அவர்தான். நான் கடைசிப் பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்து, 2016 ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன்.

மாடியில் காலி நாற்காலிகள்

இனி மாடிக்குப் போவோம். நான் வேலையில் சேர்ந்த அன்று மன்றக் கூடத்தைத் திறந்து காட்டினார்கள். நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள், எல்லாவற்றிலும் தூசி. "கூட்டம் எப்ப சார் நடக்கும்?" என்று கேட்டேன். தலைமை எழுத்தர் சிரித்தார். எழுபதுகளின் நடுவில் மன்றங்கள் கலைந்தவை, அதன் பிறகு தேர்தலே இல்லை.

தேர்தல் இல்லாதபோது தனி அலுவலர் என்று ஒருவர். மன்றத்தின் அதிகாரமும் தலைவரின் அதிகாரமும் அவரிடம். 1986 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. ஐந்து வருடம் மன்றம் நடந்தது. 1991-இல் காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர், 1996 அக்டோபர் வரை.

இதற்கிடையில் டெல்லியில் பெரிய மாற்றம் நடந்திருந்தது. அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், மக்கள்தொகைப்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இடம், தேர்தல் நடத்த மாநிலத்துக்குத் தனி ஆணையம். நகர்ப்புற அமைப்புகளின் வேலைகள் என்று பன்னிரண்டாவது அட்டவணையில் 18 தலைப்புகள். தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, மாட்டுப் பட்டி, அறுப்புமனை வரைக்கும் அதில் இருக்கிறது. எங்கள் ஆறு மேசையும் இந்திய அரசியல் சட்டத்துக்குள் வந்துவிட்டதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலம், 919-இலும் 921-இலும் வெட்டியவை. முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் நமக்குப் பள்ளிப் பாடம். நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரு பிராமணச் சபைக்குள் நடந்த ஏற்பாடு அது, இன்றைய தேர்தல் போல அல்ல. ஆனால் அதில் ஒரு விதி என் தொழிலைத் தொடுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் மோசமான ஆளைவிடக் கணக்குச் சொல்லாத ஆளுக்கே அதிகம் பயந்திருக்கிறார்கள்.

நாலு மனுக்கள்

இப்போது என் தவறு.

1992 முதல் 1996 வரை தண்ணீர்ப் பிரிவு என்னிடம் இருந்தது. ஊரின் கிழக்குக் கோடியில் ஒரு தெரு. சுமார் அறுபது வீடு, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். தெருவில் இரண்டு பொதுக் குழாய். அதில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அந்தத் தெருப் பெண்கள் மனுக் கொடுத்தார்கள். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. நாலுக்கும் நான் வரிசை எண் போட்டேன். நாலிலும் "ஆவன செய்யப்படும்" என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். தனி அலுவலருக்கு எங்கள் ஊரோடு வேறு வேலைகளும் உண்டு, அவர் கையெழுத்துப் போட்டார். கோப்பு அலமாரிக்குப் போயிற்று.

குழாய் கோடியில் இருப்பதால் அழுத்தம் குறைவு என்று நாங்கள் வாய்மொழியாகச் சொல்வோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கும் தெரியும், அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வால்வு கடைவீதிக்கு ஒன்றரை மணி நேரம் திறந்திருக்கும். அங்கே பல வீட்டில் குழாயில் மோட்டார் போட்டு இழுப்பார்கள், வாட்டர்மேனுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி துண்டு வரும். கிழக்குத் தெருவுக்குக் கடைசியில், டேங்க் காலியாகும் நேரத்தில், இருபது நிமிடம். நான் லஞ்சம் வாங்கவில்லை. ஆனால் தெரிந்திருந்தும் எழுதவில்லை. எழுதினால் கடைவீதிக்காரர்களின் பகை, எழுதாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. மனுக் கொடுத்த பெண்களுக்கு என்னைத் தாண்டிப் போய்க் கேட்க அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

1996 அக்டோபரில் தேர்தல். அந்த வார்டு தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கீடு. ஜெயித்து வந்தவர் பீடி சுற்றும் ஒரு அம்மா. நாலு மனுவில் மூன்றில் அவர் கையெழுத்து இருந்தது. முதல் கூட்டத்தில் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் குடிநீர்க் குழாய் பராமரிப்புச் செலவுக்கு அனுமதி கேட்டு ஒரு பொருள் வந்தது. மற்றவர்கள் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்தார்.

"சார், செலவு செய்ங்க, வேண்டாங்கல. எந்தத் தெருக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடுதீய, எத்தனை மணிக்கு நிறுத்துதீய? அதை மட்டும் ஒரு போர்டுல எழுதி ஆபீஸ் வாசல்ல போடுங்க."

கூடத்தில் சத்தமில்லை. கடைவீதி வார்டு உறுப்பினர், "அதெல்லாம் நிர்வாக விஷயம்மா" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார், தண்ணீர்ப் பிரிவு நான்தானே. "எழுதிப் போடலாம் சார்" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மூன்று சொல். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

கரும்பலகை வாங்கி, தெருவாரியாக நேரம் எழுதி வாசலில் மாட்டினோம். எழுதும்போது கடைவீதிக்கு ஒன்றரை மணி நேரம், கிழக்குத் தெருவுக்கு இருபது நிமிடம் என்று என் கையால் எழுத முடியவில்லை. எல்லாத் தெருவுக்கும் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன், தலைவர் ஒப்புக்கொண்டார். கோடித் தெருவுக்கு முதலில் திறப்பது என்றும் முடிவாயிற்று. புதுக் குழாய் பதிக்கவில்லை, புதுத் திட்டம் இல்லை, பலகைக்கும் சாக்கட்டிக்கும் ஆன செலவுதான். நாலு வருடம் முடியாத காரியம் ஒரு மாதத்தில் முடிந்தது.

அந்த அம்மா அதற்கப்புறம் என் மேசைக்கு வந்தபோது, பழைய மனுக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மன்றம் வந்தால் எல்லாம் சரியா?

இல்லை. இருபது வருடம் மன்றங்களோடு வேலை பார்த்தவன் நான், பூசி மெழுக மாட்டேன். மனைவி உறுப்பினர், கணவர் கூட்டத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்வார். பெண் உறுப்பினர் கையெழுத்துப் போட மட்டும் வருவார். வேலையைத் தன் ஆளுக்குத் தரவேண்டும் என்று சண்டை நடக்கும். வரி உயர்த்தும் தீர்மானம் என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிடும். தனி அலுவலர் காலத்தில் கோப்பு வேகமாக நகர்ந்ததும் உண்டு. ஆக்கிரமிப்பு எடுப்பது போன்ற, வாக்குக் கேட்கிறவர் தொடப் பயப்படும் காரியங்கள் அப்போது நடந்தன.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. மோசமான மன்றத்திலும் ஒரு எதிர்ப்பாளர் இருப்பார். அவர் சொந்தக் காரணத்துக்காகவே கேள்வி கேட்டாலும், கேள்விக்கு முன்னால் நாங்கள் கோப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்தாக வேண்டும். மாதாந்திரக் கூட்டத்துக்கு முந்தைய நாள் அலுவலகத்தில் விளக்கு எட்டு மணி வரைக்கும் எரியும். தனி அலுவலர் காலத்தில் ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிடுவோம்.

மேசைக்கு இந்தப் பக்கம்

நான் ஓய்வு பெற்ற சில மாதத்தில் மறுபடி அதே கதை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே மன்றங்களின் காலம் முடிந்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, மேலும் வழக்குகள். ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் தொடங்கியது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான். 490 பேரூராட்சிகள் ஐந்து வருடத்துக்கும் மேல் மன்றம் இல்லாமல் கிடந்தன. ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் கட்டாயம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிய பிறகும் இது நடந்தது. 14-ஆவது நிதிக் குழுவின் மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கே என்பதால் மத்திய அரசு பணத்தையும் நிறுத்திவைத்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நான் மனு எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நான் வேலை பார்த்த கட்டடம் இல்லை, பக்கத்தில் புதுக் கட்டடம், கம்ப்யூட்டர், குளிர்சாதனம். மேசையில் ஒரு இளைஞர். எனக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார், "சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார். மரியாதையான பையன். மனுவை வாங்கி எண் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் பதில் வந்தது. ஒரே வரி. ஆவன செய்யப்படும்.

அந்தத் தாளைப் பார்த்துக் கோபம் வரவில்லை. அதே வாக்கியத்தை அதே இடத்தில் நானும் நாலு முறை எழுதியவன். பீடி சுற்றும் அம்மாவும் அவர் தெருப் பெண்களும் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நான் ஓய்வு பெற்ற செயல் அலுவலர், எனக்கு நாற்காலியும் டீயும் கிடைத்தது. அவர்களை நான் உட்காரச் சொன்னதாகக்கூட நினைவில்லை.

2022 தேர்தலில் நானும் என் வீட்டுக்காரியும் காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்றோம். எங்கள் வார்டில் ஜெயித்த பெண் ஒரு தையல் கடைக்காரர். நான் வாக்களித்தது அவருக்கு அல்ல. சாக்கடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். உடனே சரியாகிவிடவில்லை, ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன், அவரும் பதில் சொல்லித் தீர வேண்டியிருந்தது.

மஞ்சள் பைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்த தாளில், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று எட்டு வரி எழுதியிருந்தேன். இப்போது ஒன்பதாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். மனுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எண் வாங்குங்கள், அந்த எண்ணை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள், கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்ட கேள்வியை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. 33 வருடம் அந்த அலமாரியின் சாவியை வைத்திருந்தவன் சொல்கிறேன்.

நாளைக் காலை அந்தத் தம்பி நடக்க வரும்போது இதையும் சொல்லிவிட வேண்டும்.